ராயபுரத்துக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு: ஊரைத் தெரிந்துகொள்ள ஒரு வழி

வீடு எங்கே என்று கேட்பார்கள். ராயபுரம் என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு தயக்கம் வந்துபோகும். "ஏன், வேறே ஏரியா கிடைக்கலையா?" என்பார்கள். கடற்கரை ஸ்டேஷனிலிருந்து ஒரே ஒரு நிறுத்தம்தான் இந்த ஊர். ஆனால் தென்சென்னையில் பிறந்து வளர்ந்த பலர் இங்கே காலே வைத்ததில்லை. நானும் அப்படி இருந்தவன்தான். வாடகைக்கு வீடு தேடி வந்து, இங்கேயே தங்கிவிட்டேன். முதல் ஆறு மாதம் வீடு, ஆபீஸ், வீடு என்றே போனது. அதற்குப் பிறகுதான் கண்ணைத் திறந்து நடக்க ஆரம்பித்தேன். அந்த ஆறு மாதத்தை நீங்கள் வீணாக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ராயபுரம் ஏன் இப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால் என் பதில் இதுதான்: இது பழைய நகரத்தின் மதில் சுவருக்கு வெளியே, கடலை நம்பி வளர்ந்த ஊர். கடல் வேலைக்கு வந்தவர்கள், கடல் வழியாக வியாபாரத்துக்கு வந்தவர்கள், கடலோரம் காலி நிலம் இருந்ததால் வந்தவர்கள் எல்லோரும் அடுத்தடுத்த தெருவில் இருக்கிறார்கள். கீழே சொல்லும் வரிசையில் போனால் அது உங்களுக்கே தெரியவரும். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க நினைக்காதீர்கள். நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகள் ஒதுக்குங்கள்.

முதலில் விலாசமும் வண்டியும்

ராயபுரத்தின் அஞ்சல் குறியீடு 600013. பழைய வண்ணாரப்பேட்டை 600021. இரண்டுக்கும் நடுவில் எல்லை எங்கே என்று கேட்டால் ஆளுக்கொரு தெருவைக் காட்டுவார்கள். அதனால் கூரியர்காரரிடம் குறியீட்டையும் பக்கத்தில் இருக்கும் கோயிலையோ ஆஸ்பத்திரியையோ சேர்த்துச் சொல்லுங்கள். பல வீடுகளுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு கதவு எண்கள் உண்டு. வீட்டு ஒப்பந்தத்தில் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள், பிற்பாடு கேஸ் இணைப்பு, ஆதார் மாற்றம் எல்லாவற்றுக்கும் உதவும். மாநகராட்சியில் நீங்கள் 5ஆம் மண்டலம். அந்த மண்டலத்தின் பெயரும் ராயபுரம்தான் என்றாலும் ஜார்ஜ் டவுனும் அதற்குள் வரும். மண்டலத்தின் பெயரை ஊரின் பெயர் என்று எடுத்துக்கொண்டு குழம்ப வேண்டாம்.

ரயிலில் வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சென்ட்ரல் பக்கத்தில் மூர் மார்க்கெட் நிலையத்திலிருந்து கிளம்பும் புறநகர் வண்டிகள் பேசின் பிரிட்ஜ் வழியாகப் போய்விடும், ராயபுரம் வராது. சென்னைக் கடற்கரையில் ஏறி ஆவடி, திருவள்ளூர் பக்கம் போகும் வண்டியைப் பிடித்தால் அடுத்த நிறுத்தமே ராயபுரம். மெட்ரோ என்றால் வண்ணாரப்பேட்டையில் இறங்கி ஷேர் ஆட்டோ. அந்தப் பாதை 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டை வரை வந்தது, 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்டது.

குழாய்த் தண்ணீர் எப்போது வரும், அடிபம்பு வேலை செய்கிறதா, தொட்டி எத்தனை வீட்டுக்குப் பொது என்பதையெல்லாம் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கீழ்வீட்டு அக்காவிடம் கேட்டுவிடுங்கள். வீட்டுக்காரரைவிட அவருக்குத்தான் சரியாகத் தெரியும்.

சுவரைத் தேடிப் போங்கள்

முதல் ஞாயிறு காலை பழைய ஜெயில் ரோட்டுக்குப் போங்கள். அங்கே மாடிப் பூங்கா என்று ஒன்று இருக்கிறது. பெயரைக் கேட்டதும் மொட்டை மாடித் தோட்டம் என்று நினைத்துவிடுவோம். நீங்கள் படியேறி நிற்பது ஒரு கோட்டைச் சுவரின் தலைமேல்.

1758 டிசம்பரில் பிரெஞ்சுப் படை மெட்ராஸுக்கு வந்தது. கோட்டைக்கு வெளியே இந்தியர்களும் வியாபாரிகளும் வாழ்ந்த கறுப்பர் நகரத்தில் தங்கிக்கொண்டு, அங்கிருந்தபடி கோட்டையை முற்றுகையிட்டது. அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் கறுப்பர் நகரத்தைச் சுற்றியும் கிழக்கிந்தியக் கம்பெனி சுவர் எழுப்பியது. கட்டும் ஒப்பந்தத்தை எடுத்தவர் பால் பென்ஃபீல்ட். சுவர்ச் செலவுக்கு ஊர் மக்களிடம் வரி போடத் திட்டமிட்டார்கள், வசூலிக்க முடியவில்லை. அந்த நினைவுதான் வால்டாக்ஸ் ரோடு என்ற பெயரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்தச் சுவரின் வடபக்கம் ஓடிய இடம் இது. மேற்கு மூலையில் ஒரு கொத்தளம் இருந்தது, அது மூலக்கொத்தளம் ஆயிற்று. கடலோர முனையில் பீரங்கிமேடை இருந்தது, அந்தப் பக்கத்துக்கு இன்றும் கிளைவ் பேட்டரி என்றுதான் பெயர். பேட்டரி என்றால் பீரங்கி வரிசை. பஸ்ஸில் வரும் பையன்கள் டார்ச் லைட் பேட்டரி என்று நினைத்துக்கொண்டு கேட்பார்கள், பொறுமையாகச் சொல்லுங்கள்.

மாடிப் பூங்காவில் நின்று தெற்கே பாருங்கள்: சுவருக்கு உள்ளே இருந்த நகரம். வடக்கே திரும்புங்கள்: நீங்கள் குடிவந்திருக்கும் ஊர். துணி வெளுக்க வெயிலும் வெட்டவெளியும் வேண்டும், படகு இழுக்க மணல் வேண்டும், மீன் காய வைக்க இடம் வேண்டும். இந்த வேலைகள் எதுவும் சுவருக்குள் அடங்காது. வண்ணாரப்பேட்டை கம்பெனியின் துணி வியாபாரத்துக்காக வெளுத்துக் கொடுத்தவர்களின் குடியிருப்பாக உருவானது. ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய துணியின் வெண்மை இந்த மண்ணில் காய்ந்து வந்தது.

மூலக்கொத்தளத்துக்கும் ஒரு நாள் போய்விட்டு வாருங்கள். முதல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைப்பட்டு 1939இல் உயிர்விட்ட நடராசனும் தாளமுத்துவும் அடக்கம் செய்யப்பட்ட இடுகாடு அது. பாடப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்த பெயர்கள் நம் பேட்டையில் மண்ணுக்குள் இருக்கின்றன என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாமலே இருந்தது.

ரயிலடி

ராயபுரம் ஸ்டேஷனில் இறங்கி நேரே வெளியே ஓடிவிடாதீர்கள். சாலைப் பக்கம் வந்து திரும்பி நின்று, வரிசையாகத் தூண்கள் நிற்கும் அந்த நீளமான முகப்பைப் பாருங்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. பம்பாயில் 1853, ஹௌராவில் 1854, அடுத்தது நாம். அந்த முதல் இரண்டு ஊர்களிலும் பழைய கட்டடம் போய்ப் புதியது வந்துவிட்டது. இது நிற்கிறது. நாட்டில் இன்றும் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் இது என்பதைத் தினமும் சீசன் டிக்கெட்டில் போகிறவர்களில் பாதிப் பேர் யோசித்துப் பார்ப்பதில்லை.

ஏன் இங்கே? நகரத்துக்கு வெளியே நிலம் இருந்தது, கடல் பக்கத்தில் இருந்தது. கப்பலில் வந்த சரக்கை உள்நாட்டுக்கு அனுப்பவும், உள்நாட்டுச் சரக்கைக் கப்பலுக்குக் கொண்டுவரவும் தோதான இடம். 1873இல் சென்ட்ரல் வந்த பிறகு இதன் மவுசு குறைந்தது. ஆனால் ரயில்வேயை நம்பி வந்த குடும்பங்கள், தெலுங்கு பேசுகிறவர்கள், ஆங்கிலோ இந்தியர்கள், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்கள் என்று ஒரு புதுக் கூட்டம் அதற்குள் இந்தப் பேட்டையில் வேர் பிடித்துவிட்டது.

மாதா கோயில் தெருவில் மெதுவாக நடங்கள்

இந்தப் படிக்கு ஒரு முழுக் காலை ஒதுக்குங்கள்.

மெட்ராஸுக்குத் துறைமுகம் இல்லாத காலம் ஒன்று இருந்தது. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். அலை உடைகிற இடத்தைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவர மசூலா படகு வேண்டும். அதில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடித்தால் பலகை வளைந்து கொடுக்கும், உடையாது. அதை ஓட்டத் தெரிந்த கைகள் இல்லாமல் கவர்னர்கூடக் கரையேற முடியாது. அந்தப் படகுத் தொழிலில் இருந்த கிறிஸ்தவர்கள், குருகுல வம்சத்தார் என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள், தங்கள் சம்பாத்தியத்தில் சேர்த்து 1829இல் கட்டியதுதான் ராயபுரம் புனித பீட்டர் ஆலயம். மீனவராக இருந்து அப்போஸ்தலரான பீட்டருக்குப் பழைய தமிழில் ராயப்பர் என்று பெயர். ஊர்ப் பெயரும் அவரிடமிருந்து வந்தது என்பதே இங்கே வழிவழியாகச் சொல்லும் விளக்கம். ஆலயத்துக்குள் போனால் சத்தம் போடாமல் பின் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். ஜூன் 29 ராயப்பர் திருநாள், அன்று போனால் ஊரையே பார்க்கலாம்.

அப்புறம் மேற்கு மாதா கோயில் தெரு. தமிழில் எந்தத் தேவாலயத்தையும் மாதா கோயில் என்றுதான் முன்பெல்லாம் சொல்வோம், அந்தப் பழக்கத்தில் வந்த பெயர். அந்தத் தெருவில்தான் பார்சிகளின் அக்கினிக் கோயில் இருக்கிறது. தமிழ்நாட்டில் இருக்கும் ஒரே அக்கினிக் கோயில் இதுதான். பார்சிகள் மெட்ராஸுக்கு வந்தது 1795இல். எண்ணிக்கையில் எப்போதும் சிறிய சமூகம். மற்ற பல ஊர்களில் அக்கினிக் கோயில் எழுந்து பல தலைமுறை கழித்து, 1910இல் இந்தக் கோயில் எழுந்தது. கட்டிக்கொடுத்தவர் பிரோஜ் கிளப்வாலா. இறந்துபோன மகன் ஜாலின் பெயரைக் கோயிலுக்கு வைத்தார். சென்னையில் சமூகப் பணி படிப்பதற்கென்று 1952இல் ஒரு கல்லூரியைத் தொடங்கிய மேரி கிளப்வாலா ஜாதவ் அந்தக் குடும்பத்து மருமகள்.

பார்சி அல்லாதவர்கள் கோயிலுக்குள் போகக் கூடாது. இதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அவர்கள் வழிபாட்டு முறை அது. வாசல் வரை போகலாம். நான் முதல் தடவை போனபோது மழை தூறிக்கொண்டிருந்தது. வெள்ளைத் தூண்கள், பூட்டாத கேட், உள்ளே யாரோ பெருக்குகிற சத்தம். கேட்டுக்கு எதிரில் ஒரு இட்லி வண்டி. வண்டிக்கார அம்மாவிடம், இது என்ன கோயில் என்று தெரிந்துகொண்டே கேட்டேன். "நெருப்புக் கோயிலுப்பா. உள்ள நெருப்பு எரிஞ்சிக்கினே இருக்கும், அணைய வுடமாட்டாங்க" என்றார். சொல்லிவிட்டு அடுப்பைக் குனிந்து ஊதினார்.

பக்கத்துத் தெருவின் பெயர்ப்பலகையையும் படியுங்கள்: அராத்தூன் ரோடு. அது ஆர்மீனியப் பெயர். உலகத்திலேயே முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகை 1794இல் வெளிவந்தது இந்த மெட்ராஸில்தான். மரியாளின் பெயர் தாங்கிய தெருவில் பார்சிக் கோயில், அடுத்த திருப்பத்தில் ஆர்மீனியப் பெயர், அதற்கும் அடுத்தாற்போல் அம்மன் கோயிலும் பள்ளிவாசலும். ஐந்து நிமிட நடையில் இவ்வளவும் வருகிறது.

கடல் எங்கே போனது என்று பாருங்கள்

சாயங்காலம் கடலோரம் போங்கள். மெரினா மாதிரி மணல் இருக்கும் என்று எதிர்பார்த்துக் குழந்தைகளைக் கூட்டிப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். பெரிய பெரிய பாறாங்கற்கள், அதற்கு அந்தப் பக்கம் அலை, இந்தப் பக்கம் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலை.

இங்கேயும் மணல் இருந்தது. 1875இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டி, கடலுக்குள் கல்சுவர் நீட்டினார்கள். 1881 புயல் அதில் பெரும்பகுதியைச் சிதைத்தது, மறுபடியும் கட்டினார்கள். நம் கடற்கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துகொண்டே இருக்கும். துறைமுகச் சுவர் அதைத் தடுத்துவிட்டது. தடுபட்ட மணல் தெற்கே சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே வர வேண்டிய மணல் வராததால், அலை எங்கள் கரையைத் தின்ன ஆரம்பித்தது. ஒரே சுவர்தான். அந்தப் பக்கம் உலகமே பேசும் கடற்கரை, இந்தப் பக்கம் வீடிழந்த குப்பங்கள். மெரினாவில் சுண்டல் சாப்பிடும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

கரையைக் காக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்டிருக்கும் கல்வரிசைக்குத் தூண்டில் வளைவு என்று பெயர். பாறைகள்மேல் ஏறாதீர்கள், பாசி வழுக்கும். மீனவர் குடும்பத்துப் பெரியவர்கள் யாராவது உட்கார்ந்திருந்தால், "முன்னாடி கரை எதுவரைக்கும் இருந்துச்சு?" என்று மட்டும் கேளுங்கள். கை நீட்டிக் காட்டுவார்கள். கை தண்ணீரைக் காட்டும்.

காசிமேட்டில் மீன் வாங்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ராயபுரத்தில் குடியிருந்துகொண்டு சூப்பர் மார்க்கெட்டில் மீன் வாங்குவது பெரிய நஷ்டம். சைவம் என்றாலும் ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

விடியும் முன்பே ஏலம் தொடங்கிவிடும். ஏலத்தில் கூடை கூடையாகத்தான் போகும், அது வியாபாரிகளுக்கு. நமக்கு வேண்டியது அதற்குப் பிறகு தரையில் கூறு கட்டி விற்கிற பெண்களிடம். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தாங்காது, முதல் தடவைக்கு வியாழன் வெள்ளி நல்லது. பழைய செருப்பு, கனமான கூடை, சில்லறை எடுத்துக்கொள்ளுங்கள். தரை முழுக்க ஐஸ் தண்ணீர். தள்ளுவண்டிக்காரர்கள் "ஓரம், ஓரம்" என்று கத்தினால் உடனே ஒதுங்க வேண்டும், அவர்களால் நிறுத்த முடியாது.

மீன் பார்ப்பது எப்படி என்பதை எனக்கு ஒரு ஆயா சொல்லிக் கொடுத்தார். ஒரு சங்கராவைத் தூக்கி, கட்டை விரலால் செவுளைத் திறந்து என் மூக்குக்கு நேரே காட்டினார். "ரத்தச் செவப்பா இருக்குதா? கண்ணப் பாரு, பளபளன்னு முழிச்சிக்கினு இருக்கணும். குழி உழுந்திருந்தா வோணாம்." அப்புறம் என் விரலைப் பிடித்து மீனின் முதுகில் அழுத்தினார். அழுத்திய இடம் உடனே மேலே எழும்பியது. "இதான். எழும்பலன்னா என் கடையானாலும் வாங்காதே." வஞ்சிரம் விலை அதிகம். முதலில் கிழங்கான், காரப்பொடி, நெத்திலி, காணாங்கெளுத்தி என்று பழகுங்கள். கழுவி நறுக்கித் தருகிறவர்கள் தனியாக வரிசையில் இருப்பார்கள், அதற்குத் தனிக் கூலி, அதில் பேரம் பேசாதீர்கள்.

பேரம் மீனுக்குத்தான், அதுவும் அளவோடு. பாதி விலைக்குக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், நியாயமும்தான். ராத்திரியெல்லாம் முழித்திருக்கிறவர்கள். ஒரே ஆளிடம் நாலு வாரம் வாங்கினால் ஐந்தாவது வாரம் உங்களுக்கென்று எடுத்து வைப்பார்கள். போட்டோ எடுக்க வேண்டுமென்றால் கேட்டுவிட்டு எடுங்கள். கேட்காமல் எடுத்துப் போனவர்கள் "வடசென்னை" என்று தலைப்புப் போட்டு என்னென்னவோ எழுதியதால் பட்ட மனசு நிறைய இருக்கிறது.

பேச்சைக் கேளுங்கள், கேலி செய்யாதீர்கள்

இந்த ஊர்ப் பேச்சைச் சினிமாவில் காமெடிக்கு வைத்தே நமக்குப் பழக்கிவிட்டார்கள். அது யார் யார் இங்கே வாழ்ந்தார்கள் என்பதற்கான கணக்குப் புத்தகம். நைனா தெலுங்கிலிருந்து வந்தது. நாஷ்டா, பேஜார், உஷார் எல்லாம் உருது வழி. துட்டு டச்சுக்காரர்களின் செப்புக் காசின் பெயர். 1914 செப்டம்பர் 22 இரவு துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள்மேல் குண்டு போட்டுவிட்டு நழுவிய ஜெர்மன் கப்பலின் பெயர் எம்டன், இன்றைக்கும் கெட்டிக்காரப் பையனைப் பார்த்து "சரியான எம்டன்" என்கிறோம். குந்து, அப்பால போன்றவையோ நல்ல தமிழ். அவற்றைக் கொச்சை என்று ஒதுக்குகிறவர்கள் அகராதியைப் புரட்டிப் பார்க்கவில்லை.

நீங்கள் வலிந்து அப்படிப் பேச முயல வேண்டாம். வயதான பெண்களை ஆயா என்றும், நடுவயதுக்காரர்களை அக்கா, அண்ணா என்றும், முஸ்லிம் கடைக்காரரைப் பாய் என்றும் கூப்பிட்டால் போதும். "இன்னாபா" என்று உங்களை யாராவது கூப்பிட்டால் அது மரியாதைக் குறைவு இல்லை. உங்களைத் தெருக்காரராகச் சேர்த்துக்கொண்டாயிற்று என்று அர்த்தம்.

கொஞ்சம் மேற்கே, கொஞ்சம் வடக்கே

ஸ்டான்லி ஆஸ்பத்திரியைப் பெரியவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1782 பஞ்சத்தில் பசியோடு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம் இங்கே இருந்தது, அதிலிருந்து வளர்ந்ததுதான் ஆஸ்பத்திரி. ஸ்டான்லி என்பது பிற்பாடு கவர்னர் பெயரில் வந்தது. பக்கத்தில் 1880இல் சவலை ராமசாமி முதலியார் கட்டிக்கொடுத்த பிரசவ ஆஸ்பத்திரி, எல்லோருக்கும் ஆர்.எஸ்.ஆர்.எம். நம் பேட்டையில் மூன்று தலைமுறையும் அங்கேயே பிறந்த குடும்பங்கள் உண்டு. அவசரத்துக்கு இந்த இரண்டும் எந்தப் பக்கம் என்பதைக் குடிவந்த முதல் வாரமே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

ராபின்சன் பூங்கா, இப்போது அறிஞர் அண்ணா பூங்கா. 1949 செப்டம்பரில், கொட்டும் மழையில், அண்ணாதுரை திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கத்தை அறிவித்த இடம். நீங்கள் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் பரவாயில்லை, ஆலைத் தொழிலாளிகளும் துறைமுகத் தொழிலாளிகளும் இருந்த இந்தப் பேட்டையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று பெஞ்சில் உட்கார்ந்து யோசிக்கலாம். தி.நகருக்குத் தன் பெயரைக் கொடுத்த தியாகராய செட்டியாரும் இந்தப் பக்கத்துக்காரர்தான்.

துணி எடுக்க எம்.சி. ரோடு. தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே போய்விடுங்கள்.

தண்டையார்பேட்டைப் பக்கம் போனால் குணங்குடி மஸ்தான் சாகிபு தர்கா. 1792இல் பிறந்து, ராமநாதபுரத்துத் தொண்டிப் பக்கத்திலிருந்து இங்கே வந்து, எல்லாம் துறந்து உட்கார்ந்த சூஃபி. தொண்டியார் இருந்த இடம் தொண்டியார்பேட்டை, அதுவே தண்டையார்பேட்டை ஆயிற்று என்று ஊரில் ஒரு கதை உண்டு. அவர் பாடிய பராபரக்கண்ணி தாயுமானவரைப் படித்தவர் காதுக்கு உடனே பழகிவிடும். அவரைத் தேடி வருகிறவர்களில் இந்துக்களும் நிறைய. அவர் மறைந்தது 1838இல்.

சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று குத்துச்சண்டைக்குப் பரம்பரை வைத்திருந்த பகுதி இது. டீக்கடைப் பெரியவரிடம் அந்தப் பேச்சை எடுத்தால் டீ ஆறிவிடும், இன்னொன்று சொல்ல வேண்டியிருக்கும்.

பெரியவர்களிடம் கேட்கும் முறை

நேரடியாக "உங்கள் வரலாறு சொல்லுங்கள்" என்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். "இந்தத் தெருவுக்கு ஏன் இந்தப் பேர்?" என்று கேளுங்கள். "நீங்க படிச்ச ஸ்கூல் எது?", "சுனாமி அன்னிக்கு எங்க இருந்தீங்க?" என்று சின்னதாகக் கேளுங்கள். 2004ஐப் பற்றிக் கேட்கும்போது மட்டும் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள், வேண்டாம் என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். சாதி கேட்காதீர்கள். ஒரே கதையை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் திருத்தப் போகாதீர்கள், இரண்டையும் நோட்டில் எழுதி வையுங்கள். எந்த வருடம் என்று தெரியாவிட்டால் "எம்.ஜி.ஆர். சுடப்பட்டதுக்கு முன்னாடியா பின்னாடியா?" என்று கேட்டால் டக்கென்று சொல்லிவிடுவார்கள், அது 1967 ஜனவரி.

ஜூன் 14 இரவு

கடைசிப் படிக்கு நாள் பார்த்துத்தான் போக வேண்டும். கிழக்குக் கடற்கரையில் மீன் குஞ்சு பொரிக்கும் காலத்துக்காக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த இரண்டு மாதமும் மீன் விலை ஏறியிருக்கும். காசிமேட்டில் படகுகளுக்குப் பெயின்ட் அடிப்பார்கள், வலை பின்னுவார்கள், எஞ்சினைப் பிரித்துப் போட்டிருப்பார்கள். பகலில் நிதானமாகப் பேச்சுக் கொடுக்க அதைவிட நல்ல காலம் கிடையாது.

தடை முடிகிற இரவு போங்கள், தெரிந்தவர் ஒருவரோடு. ஐஸ் கட்டியை உடைத்துக் கூடை கூடையாகப் படகின் அடித்தளத்தில் கொட்டிக்கொண்டிருப்பார்கள். டீசல், அரிசி மூட்டை, தண்ணீர் கேன், காய்கறி எல்லாம் கை மாறி மாறி ஏறும். படகின் முன்முனையில் சந்தனம் பூசிப் பூ சுற்றியிருப்பார்கள், சிலதில் அம்மன் படம், சிலதில் மாதா படம். கரையில் பெண்கள் நின்றுகொண்டிருப்பார்கள், அதிகம் பேச மாட்டார்கள். நேரம் வந்ததும் ஒரு எஞ்சின் இருமி எழும்பும், அப்புறம் பத்து, அப்புறம் எண்ண முடியாது. ஓரமாக நின்று பாருங்கள். நங்கூரக் கயிறு அவிழ்க்கிற இடத்தில் மட்டும் நிற்காதீர்கள், கால் சிக்கிக்கொள்ளும்.